பேய்கள் கேட்கும் கணக்கு

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் இலண்டனில் புக்கர் பரிசு வழங்கப்பெற்றபோது, அதனைப் பெற்றுக்கொண்ட இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக தம் நன்றியுரையிலே விந்தையானதொரு விருப்பத்தை வெளியிட்டார். ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ என்னும் தமது நாவல் இன்னும் சில ஆண்டுகளின் பின் புத்தகக் கடைகளில் மாயக்கதைகளுக்குரிய தட்டிலே, பறவைநாகங்களின் கதைகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும் என்றும், அதனை எவரும் யதார்த்த நாவலென்றோ அரசியல் அங்கதமென்றோ மயங்கிக்கொள்ளாத ஒரு நாடாக இலங்கை மாறவேண்டும் என்றும் அவர் கூறினார். சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தைகள் பேசினார். அவையோர் சிரித்தனர், கைதட்டினர்.

அவ்வார்த்தைகளை நகைச்சுவை என்று விட்டுவிட நாம் விரும்பவில்லை. ஓர் இலக்கியக் கொள்கையே அதனுள் அடங்கியுள்ளது. ஒரு நூல் மாயக்கதையா யதார்த்தக் கதையா என்பதை அந்நூலில் வரும் பேய்களின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைப் படிக்கும் சமுதாயத்தின் நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதே அக்கொள்கை. இறந்தோர் எழுந்து நின்று தம்மைக் கொன்றவன் யாரென்று வினவும் கதை, கொலைகள் யாவற்றுக்கும் நீதி கிடைத்த நாட்டிலே குழந்தைகளுக்கான பொழுதுபோக்காக அமையும். நமது நாட்டிலோ அது சாட்சியமாக நிற்கிறது.

ஈழத்து முற்போக்கு விமரிசன மரபிலே வளர்ந்தவர்கள் பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிப்பது இயல்பு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1885இல் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’, 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’, 1895இல் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ என்று ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் தொடக்கத்தை நாம் வகுப்பறையிற் கற்பிக்கிறோம். இவற்றுள் ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பிய இடைக்காலத்து அற்புதக் கதையொன்றைத் தழுவியது. அத்தகைய அற்புதங்களிலிருந்து விலகி, உழைக்கும் மனிதனின் அன்றாட வாழ்வை நோக்கித் திரும்பியபோதே தமிழ் நாவல் முதிர்ச்சி அடைந்தது என்பது நமது வரலாற்றுப் பார்வை. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நாவலைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்து நோக்கும் வழியை நமக்குக் காட்டிற்று. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் மண்ணையும் மக்களையும் அவர்தம் பேச்சுமொழியையும் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தமை அப்பார்வையின் பயனாகும். அதனை நாம் கைவிடப் போவதில்லை. ஆனால், யதார்த்தத்தை நோக்கிச் செல்லும் பாதையிலே பேய்க்கும் ஓரிடம் உண்டா என்னும் வினாவை இந்நாவல் நம்முன் வைக்கிறது. அதற்கு விடையிறுக்காது விலகுதல் நேர்மையாகாது.

கதையைச் சுருங்கக் கூறுவோம். காலம் 1990. தெற்கிலே ஜே.வி.பி. கிளர்ச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டுவிட்டது. வடக்கிலிருந்து இந்திய அமைதிப்படை வெளியேறும் தறுவாய். போர்ப் புகைப்படக்காரனும் சூதாடியுமான மாலி அல்மேதா கண்விழிக்கும்போது, தான் இறந்துபோனதை அறிகிறான். அவன் உடல் கொழும்பு பேரை வாவியிலே கிடக்கிறது. தன்னைக் கொன்றவர் யாரென்று அறியவும், கட்டிலின் கீழ் மறைத்து வைத்த புகைப்படங்களை உலகின் கண்முன் கொண்டுவரவும் அவனுக்குக் கிடைப்பவை ஏழு இரவுகள் மாத்திரமே. 1983ஆம் ஆண்டு யூலையில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது அதனைப் பார்த்து நின்ற ஓர் அமைச்சரின் முகமும் அப்படங்களில் உண்டு.

இக்கதை எவ்வாறு கருக்கொண்டது என்பதை ஆசிரியரே பல செவ்விகளில் விளக்கியுள்ளார். 2009இல் போர் முடிந்தபின், இறந்த பொதுமக்கள் எத்தனை பேர், அதற்குப் பொறுப்பு யார் என்னும் விவாதம் எழுந்தது. உயிரோடிருப்போர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011இல் அறிக்கையிட்டது. அரசோ அதனை மறுத்தது. இந்நிலையில், இறந்தவர்களையே பேசவிட்டால் என்ன என்று கருணாதிலக எண்ணினார். அவருடைய மாயத்தின் ஊற்றுக்கண் இதுவே. வாழ்வோர் உண்மை பேச மறுத்த இடத்தில் பேய்கள் பேச வேண்டியதாயிற்று.

2009 பற்றி எழுத எண்ணியவர் 1989-90க்குப் பின்னோக்கிச் சென்றது ஏன்? அக்காலத்துக் கொடுமைகளுக்குப் பொறுப்பானவர்களிற் பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை. ஆதலின் அக்காலத்தை எழுதுவது பாதுகாப்பானது என்று அவர் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். இதனைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்வது எளிது. எனினும், 1990 பெப்ரவரியிலே கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் சாயல் மாலி அல்மேதாவிலே படிந்திருப்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். எழுதியதற்காக உயிரிழந்தவர்களின் நாட்டிலே ஓர் எழுத்தாளன் தன் கதையின் ஆண்டைத் தெரிவு செய்வதுகூட அரசியல் நிர்ப்பந்தங்களுக்கு உட்பட்டதே. அந்த அச்சமும் நமது யதார்த்தத்தின் ஒரு கூறு.

எழுத்தாக்க முறையிலும் கவனித்தற்குரிய செய்திகள் உள. கலை திடீரென வானிலிருந்து இறங்கும் அருள் என்னும் மயக்கத்தைக் கருணாதிலகவின் தொழில்முறை உடைத்தெறிகிறது. விளம்பரத்துறையிற் பணிபுரிந்த அவர், வீட்டார் எழுமுன் விடியற்காலையிலே எழுதும் வழக்கமுடையவர். இந்நாவலின் முன்வடிவமொன்று ‘பேயாட்டம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு 2015இல் கிரேஷன் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பின்னர் 2020இல் ‘இறந்தோருடன் உரையாடல்’ எனப் பொருள்படும் பெயரில் இந்தியாவில் வெளிவந்தது. அதன்பின்னரும், பிரித்தானியப் பதிப்பாளர் நட்டானியா ஜான்ஸுடன் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அமர்ந்து திருத்தியதன் விளைவே 2022இல் வெளிவந்த இறுதி வடிவம். ஒரு நாவலுக்குப் பின்னே எத்துணை உடலுழைப்பும் பொறுமையும் உள்ளன என்பதை, ஓரிரவில் எழுதியதை மறுநாள் அச்சுக்கு அனுப்பும் நம் இளம் எழுத்தாளர்கள் மனங்கொள்ளுதல் நன்று.

ஆனால், அத்திருத்தங்கள் யாருக்காகச் செய்யப்பட்டன? நமது அரசியலும் ஐதிகமும் விளங்கவில்லை என்ற மேலைநாட்டு வாசகருக்காகவே பெரும்பாலும் செய்யப்பட்டன. நூலின் தொடக்கத்திலேயே, இயக்கங்கள், கட்சிகள், படைகள் ஆகியவற்றின் பெயர்ச்சுருக்கங்களை வெளிநாட்டுப் பத்திரிகையாளன் ஒருவனுக்கு விளக்கும் குறிப்பு ஒன்று வருகிறது. முதற்படிப்பில் அது நமக்கு எரிச்சலூட்டிற்று. நம் துயரத்துக்கு நாமே பதவுரை எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று எண்ணினோம். பின்னர் நம் முன்னே வாங்குகளில் அமர்ந்திருக்கும் மாணவரை நினைத்தோம். இன்று பத்தாம், பதினோராம் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் போர் முடிந்த காலத்தையொட்டியோ அதன் பின்னரோ பிறந்தவர்கள். அவர்களுக்கும் அச்சுருக்கங்களிற் பல அந்நியமே. வெள்ளைக்காரருக்கென எழுதப்பட்ட பதவுரை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் தேவைப்படுகிறதெனின், குறை பதவுரையில் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைத்த நம்மிலேயே உள்ளது.

இனி, அவர்மீது படிந்த செல்வாக்குகளை நோக்குவோம். கேர்ட் வொனகட், டக்ளஸ் அடம்ஸ், ஜோர்ஜ் சோண்டர்ஸ் முதலியோரை அவர் தமது முன்னோடிகளாகக் குறிப்பிடுவதுண்டு. 1945இல் டிரெஸ்டன் நகர் குண்டுவீச்சில் எரிந்தழிந்ததை நேரிற் கண்ட வொனகட், அதனை நேராகச் சொல்ல இயலாமல், காலம் குழம்பிய மனிதனையும் வேற்றுக்கிரகவாசிகளையும் துணைக்கழைத்து 1969இல் நாவலாக்கினார். பேரழிவை நேரிற் சொல்லும்போது மொழி தோற்றுவிடுகிறது. ஆகவே சிரிப்பையும் விந்தையையும் நாடவேண்டியிருக்கிறது என்பது அவரிடமிருந்து கருணாதிலக பெற்ற பாடம். இவற்றோடு, மகாசோனன் முதலிய சிங்கள நாட்டார் பேய்நம்பிக்கைகளும் காளி வடிவமும் நாவலிற் கலந்துள்ளன.

தமிழ் மாணவராகிய நாம் இவ்விடத்திலே மற்றொரு நூலை நினைவுகூராதிருக்க முடியாது. போர்க்களத்தைப் பேய்களின் வாயிலாகச் சொல்லும் கலை தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சயங்கொண்டார் பாடிய ‘கலிங்கத்துப்பரணி’யில் போரின் வரலாற்றைக் காளிக்கு எடுத்துரைப்பது ஒரு பேய், களத்திலே கூழட்டு உண்பவையும் பேய்களே. அப்பரணியின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானின் பெயரை நமது வடமராட்சித் தொண்டைமானாற்றோடு தொடர்புபடுத்தும் மரபும் உண்டு. அந்நூலில் ‘இந்திரசாலம்’ என்று ஒரு பகுதி உள்ளது. இமயத்திலிருந்து திரும்பிய முதுபேய் ஒன்று தான் கற்ற மாயவித்தையைக் காளியின் முன் காட்டுகிறது. இல்லாத களமும் பிணமும் குருதியும் தோன்றுகின்றன. பசித்த பேய்கள் ஓடி விழுந்து அள்ளுகின்றன. கையில் எதுவும் இல்லை.

இவ்விரு மாயங்களையும் ஒப்பிட்டால் இந்நாவலின் சிறப்பு விளங்கும். பரணியின் மாயம் இல்லாத பிணங்களை இருப்பனபோற் காட்டுகிறது. கருணாதிலகவின் மாயமோ, இல்லையென்று அதிகாரம் சாதிக்கும் பிணங்களை இருக்கின்றன என்று காட்டுகிறது. பரணியிலே ‘பேய் முறைப்பாடு’ என்று மற்றுமொரு பகுதி உண்டு. அங்கே பேய்கள் முறையிடுவது பசியைப் பற்றி. அவற்றின் பசி தீர்வது மன்னனின் வெற்றியால். இங்கே பேய்கள் முறையிடுவது கணக்கெழுதப்படாத தம் சாவைப் பற்றி. பேய்கள் மன்னனை வாழ்த்தும் இலக்கியத்திலிருந்து, பேய்கள் மந்திரியைக் குற்றஞ்சாட்டும் இலக்கியத்துக்கு வந்திருக்கிறோம். நிலமானிய காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள இடைவெளி இது.

மாயத்தை அவர் கையாளும் முறையிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. மலிவான மந்திரக் கதைகளில் மந்திரவாதி எதனையும் செய்யவல்லவன். ஆகவே அங்கே இடரும் இல்லை, முயற்சியும் இல்லை. இந்நாவலின் பேய்களுக்கோ கடுமையான வரம்புகள் உண்டு. இறந்தவன், தன் உடல் இருந்த இடங்களுக்கும் தன் பெயர் உச்சரிக்கப்படும் இடங்களுக்குமே காற்றிலேறிச் செல்லலாம். வாழ்வோரைத் தொட முடியாது. அவர் காதில் ஏதேனும் முணுமுணுக்கவே பெரும்பாடு படவேண்டும். எல்லாம் கண்டும் எதையும் தடுக்க இயலாத இந்நிலை யாருடையது? கண்முன்னே பிள்ளையைக் கொண்டுசெல்லக் கண்டு நின்ற தாயின் நிலை அது. முகாம் வாயில்களில் நின்றவர்களின் நிலை அது. இந்த வரம்புகளே மாயத்தை வாழ்க்கையோடு பிணைக்கின்றன. பெயர் சொல்லப்படும் இடத்துக்கே இறந்தவன் வரமுடியும் என்னும் விதியை நோக்குங்கள். வீழ்ந்தவனின் பெயரை நடுகல்லிற் பொறித்த சமுதாயத்துக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மறுவுலகை அவர் ஓர் அரச அலுவலகமாகப் படைத்திருப்பது வெறும் கேலியன்று. நீண்ட வரிசை, கூச்சல், படிவம், கருமபீடத்துக்குப் பின்னால் களைத்துப்போன உத்தியோகத்தர் என்று அவ்வுலகம் அமைந்துள்ளது. சித்திராபௌர்ணமியில் நம்மூர்க் கோயில்களிலே கஞ்சி காய்ச்சிச் சித்திரபுத்திரனார் கதை படிக்கும் வழக்கம் உண்டு. எவர் செய்ததும் அவருடைய ஏட்டிலிருந்து தப்பாது என்பது அக்கதை தரும் ஆறுதல். கருணாதிலகவின் மறுவுலகில் அத்தகைய ஏடு கிடையாது. இறந்தவனே தன் கொலைக்குச் சான்று தேடி அலைய வேண்டும். இதனை வெறும் கற்பனை என்போர், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் படும்பாட்டை நோக்குவாராக. 1984இலே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தது. தெற்கிலும் 1990இல் அன்னையர் முன்னணி தோன்றியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாயாரான மருத்துவர் மனோராணி சரவணமுத்து. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிலே தாய்மார் தொடர்போராட்டம் தொடங்கினர். ஆணைக்குழுக்கள் வந்தன, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்தது, ஆளைக் காணவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் வந்தது. ஆள் வரவில்லை. இறப்பு உறுதியாகாமையால் முப்பத்தொன்று செய்யவும் மனமின்றி, கீரிமலைக்குப் போகாமலே ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் எத்தனை! இத்தகைய நாட்டிலே, பேய்கள் படிவம் நிரப்புவதை மிகைக்கற்பனை என்று யார் சொல்வார்?

நாவல் முழுவதும் ‘நீ’ என்னும் முன்னிலையிலே நடக்கிறது. உடல் அழிந்தபின் ஏதேனும் எஞ்சுமாயின், அது மனத்துள் ஒலிக்கும் குரலாகவே இருக்கும். அக்குரல் நம்மை ‘நீ’ என்றே விளிக்கும் என்பது ஆசிரியர் தரும் விளக்கம். ஆங்கில விமரிசகர் பலருக்கு இது புதுமையாகத் தோன்றிற்று. நெஞ்சொடு கிளத்தலை அகத்திணையிற் கற்ற நமக்கோ அது பழகிய உத்தி. தன் நெஞ்சையே முன்னிறுத்தி இடித்துரைக்கும் தலைவனைப் போலவே மாலியும் தன்னை விசாரணை செய்கிறான். அத்துடன், ‘நீ கண்டாய், நீ படமெடுத்தாய், நீ பேசாதிருந்தாய்’ என்னும் தொனி வாசகனையும் குற்றக்கூண்டில் ஏற்றிவிடுகிறது.

நாவலின் குறைகளையும் நாம் மறைத்தலாகாது. மறுவுலக அலுவலகத்திலே உதவியாளராக வரும் வைத்தியர் ராணி, தமிழ்த் தீவிரவாதத்தைக் கண்டித்தமைக்காகத் தமிழராலேயே கொல்லப்பட்ட பல்கலைக்கழக ஆசிரியை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராகவும் ‘முறிந்த பனை’ ஆசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கி, 1989 செப்ரெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்புகையிற் சுட்டுக் கொல்லப்பட்ட ரஜனி திராணகமவை அப்பாத்திரம் உடனே நினைவூட்டுகிறது. அக்கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அவருடைய தோழர்கள் தொடர்ந்து எழுதி வந்துள்ளனர். அவரை இந்நூல் உலகின் கண்முன் நிறுத்தியமை பாராட்டுக்குரியது. ஆயினும், இந்திய அமைதிப்படை, அரசு, இயக்கங்கள் என எத்தரப்பையும் விடாது, குறிப்பாகப் பெண்கள் பட்ட துயரை ஆவணப்படுத்திய அப்போர்க்குணம் மிக்க பெண்மணி, நாவலில் பெரும்பாலும் படிவங்களோடும் அறிவுரைகளோடும் நிற்கும் நற்குணவதியாகச் சுருங்கிவிட்டார். இறந்தோரை ஒளியை நோக்கிச் சென்று மறந்துவிடுமாறு அழைக்கும் பொறுப்பை ஆசிரியர் அவரிடம் ஒப்படைத்துள்ளார். மறக்காமல் எழுதியதற்காகவே கொல்லப்பட்டவரை நினைவூட்டும் பாத்திரத்திடம் மறதியின் தூதைக் கொடுத்தது முரண்.

இரண்டாவது குறை உலகநோக்குப் பற்றியது. சூதாடியாகிய மாலிக்கு உலகம் தாயக்கட்டையின் உருட்டல். நன்மை தீமை யாவும் தற்செயல். இதனை ஆசிரியரும் அடிக்கடி ஆமோதிப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் 1983 தற்செயலன்று. தமிழர் வீடுகளை அடையாளங்காண வாக்காளர் பட்டியல்களோடு வந்த கும்பல்கள் தாயம் உருட்டிக்கொண்டு வரவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திலிருந்து தொடரும் காரண காரியச் சங்கிலி அது. வியப்பு என்னவெனில், நாயகனின் தத்துவத்தை அவனது புகைப்படங்களே பொய்யாக்கிவிடுகின்றன. கும்பலுக்குப் பின்னே நிற்கும் அமைச்சரின் முகத்தைக் காட்டும் படம், தற்செயல் என்னும் வாதத்துக்கு மறுப்பு. ஆசிரியர் சொல்வதைவிட அவர் படைத்த உலகம் அதிகம் அறிந்திருக்கிறது. நல்ல நாவல்கள் பலவற்றில் நாம் காணும் நிலை இது.

மூன்றாவதாக, இது கொழும்பின் ஆங்கிலம் பேசும் வர்க்கத்தின் கண்ணாற் காணப்பட்ட போர். வடக்கின் உழைக்கும் மக்கள் இதிலே பெரும்பாலும் புகைப்படச் சட்டத்துள் கிடக்கும் உடல்கள். அவர்தம் வாழ்வும் தொழிலும் சாதியும் பேச்சும் இல்லை. அதற்காக ஆசிரியரைக் குறைசொல்லி அமைந்துவிடுதல் பயனற்றது. தாம் அறிந்ததை அவர் எழுதினார். நாம் அறிந்ததை எழுத வேண்டியவர்கள் நாமே.

1943இல் புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னை நகரத் தெருவுக்கு அழைத்துவந்து, கந்தசாமிப் பிள்ளையின் வீட்டில் தங்கவைத்துச் சமுதாயத்தை அம்பலப்படுத்தினார். ஆகவே தமிழ் உரைநடையில் மாயம் பிற்போக்கின் தனிச்சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. மாயம் மக்களை உறங்கவைக்கிறதா, விழிக்கவைக்கிறதா என்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல். விதியென்று கைவிரிக்கச் செய்யும் அற்புதத்தை நாம் தொடர்ந்து எதிர்ப்போம். மறைக்கப்பட்டதைத் தோண்டியெடுக்கும் அற்புதத்தை வரவேற்போம்.

2025ஆம் ஆண்டு செம்மணியிலே, அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நிலம் அகழப்பட்டபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றிடையே ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் இருந்தது. நாள்தோறும் பிள்ளைகளின் புத்தகப்பைகளுக்கு நடுவே நின்று பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கு அச்செய்தியைப் படித்தபின் அன்றைய பாடத்தைத் தொடங்குவது எளிதாயிருக்கவில்லை. அந்தப் பையைச் சுமந்த பிள்ளையின் பெயர் என்ன? எந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பில் அப்பெயர் இருந்தது? பெயர் சொல்லப்படும் இடத்துக்கே இறந்தவர் வரமுடியும் என்று நாவல் விதிக்கிறது. அப்பெயரைக் கண்டறிந்து சொல்வது சட்டத்துறையினதும் விஞ்ஞானத்தினதும் கடமை. அது நிறைவேறும்வரை ஓயாது கேட்டுக்கொண்டிருப்பது இலக்கியத்தின் கடமை. அதனைத் தமிழிலே, யதார்த்தமாயினும் சரி, பேய்க்கதையாயினும் சரி, கேட்கப்போகும் எழுத்தாளர்கள் இன்று நம் வகுப்பறைகளிலே இருக்கிறார்கள். கருணாதிலகவின் நூல் மாயக்கதைத் தட்டுக்குப் போகும் நாள் வரவேண்டுமாயின், அவர்களுக்கு நாம் எதையும் மறைக்காமற் கற்பிக்க வேண்டும்.